ஆழமான சொத்தைப் பல்: ஒரே எக்ஸ்ரேவுக்கு ஏன் வேறு வேறு பதில்கள்?

கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல். பெரிய குழி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று இழுக்கிறது. முதலில் பார்த்த பல் மருத்துவர், "ரூட் கெனால் பண்ணி கேப் போடணும்" என்கிறார். இன்னொருவரிடம் அதே எக்ஸ்ரேவைக் காட்டினால், "நரம்பு உயிரோடதான் இருக்கு, மருந்து வச்சு அடைச்சுப் பார்க்கலாம்" என்கிறார். அடைத்து முடித்தபின், நரம்பை ஒட்டிய சொத்தையைக் கொஞ்சம் வேண்டுமென்றே உள்ளே விட்டிருப்பதாகவும் சொல்கிறார். நோயாளி குழம்பிப் போகிறார். முதலாமவர் தேவையில்லாத செலவு வைத்தாரா, இரண்டாமவர் வேலையை அரைகுறையாக முடித்துவிட்டாரா?

யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டிவிடுவது எளிது. ஆனால் இருவருமே நேர்மையானவர்களாக இருக்க முடியும். ஆழமான சொத்தையில் சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பல்லின் உள்ளே இருக்கும் உயிர்த்திசுவின் நிலைதான். அந்தத் திசு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை எந்த எக்ஸ்ரேவும் நேரடியாகக் காட்டாது. மருத்துவர் அதைச் சுற்றிவளைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகம் எப்படி நடக்கிறது, அதிலிருந்து சிகிச்சைகள் எப்படிக் கிளைபிரிகின்றன என்று தெரிந்தால், எந்த மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பல்லின் மூன்று அடுக்குகள்

வெளியே தெரியும் வெள்ளை ஓடு எனாமல். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். ஆனால் அமிலத்துக்கு முன் நிற்காது. வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று அமிலம் சுரக்கின்றன. பல்லை ஒட்டிய படலத்தில் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலின் தாது கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்தத் தாதுவைத் திரும்பச் சேர்க்கும். கரைவது சேர்வதை நாள்தோறும் மிஞ்சிக்கொண்டே போனால் சொத்தை விழும். "பல்லில் பூச்சி" என்பது பழைய பேச்சு வழக்கு. உள்ளே குடைகிற புழு எதுவும் கிடையாது.

எனாமலுக்குள் இருப்பது டென்டின். மஞ்சள் சாயல், எலும்பைப் போன்ற கட்டமைப்பு, 70 சதவீதம் தாது. இதன் ஊடே மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுகின்றன. எனாமலை ஒட்டிய பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 குழாய்கள். உள்ளே போகப்போக நெருங்கி 45,000 வரை. சொத்தை ஆழமாக ஆக பல் வேகமாக மோசமாவதற்கு இது ஒரு காரணம். அந்த ஆழத்தில் டென்டின் சல்லடை மாதிரி.

அதற்கும் உள்ளே இருப்பது பற்கூழ். பேச்சு வழக்கில் நாம் "நரம்பு" என்பது இதைத்தான். உண்மையில் இதில் நரம்போடு இரத்தக்குழாய்களும், எதிர்ப்புச் செல்களும், புது டென்டின் கட்டும் செல்களும் இருக்கின்றன. சொத்தை நெருங்குவதை உணர்ந்தால் கூழ் தன் பக்கச் சுவரில் புதிதாக டென்டினைப் பூசி, தடித்த மதில் எழுப்பிக்கொள்ளும். வயதானவர்களின் எக்ஸ்ரேயில் கூழறை சுருங்கித் தெரிவது ஓரளவுக்கு இந்த வேலையால்தான்.

கூழின் பலவீனமும் அது இருக்கும் இடத்தில்தான். காலில் அடிபட்டால் வீங்க இடம் உண்டு. கூழைச் சுற்றி நாலா பக்கமும் கடினமான சுவர். வீங்க வழியில்லாமல் அழுத்தம் ஏறும், வலி துடிக்கும், இரத்த ஓட்டம் நெரிபடும். படுத்தால் தலைக்கு இரத்த அழுத்தம் கூடுவதால், பகலில் தாங்கிக்கொண்ட பல்வலி இரவில் தாங்க முடியாமல் போகிறது.

"ஆழம்" என்றால் எவ்வளவு?

பற்கூழ், வேர் சிகிச்சை நிபுணர்களின் அமைப்பான ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2019-இல் ஒரு வரையறை சொன்னது. எக்ஸ்ரேயில் சொத்தை டென்டினின் கடைசிக் கால் பங்கை எட்டியிருந்து, அதற்கும் கூழுக்கும் நடுவே கெட்டியான டென்டின் பட்டை ஒன்று இன்னும் தெரிந்தால் அது "ஆழமான" சொத்தை. அந்தப் பட்டையும் காணாமல் போய், டென்டினின் முழுத் தடிமனையும் சொத்தை கடந்திருந்தால் "மிக ஆழமான" சொத்தை.

இந்தச் சிறு வேறுபாட்டின் விளைவு பெரிது. முதல் வகையில் கிருமிகள் பெரும்பாலும் கூழை இன்னும் தொட்டிருக்காது; வீக்கம் அடங்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் வகையில் அவை ஏற்கெனவே கூழுக்குள் போயிருக்கக்கூடும். ஒரே பல்லுக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு பதில் சொல்லும்போது, அந்த மெல்லிய பட்டை அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா என்பதே வித்தியாசமாக இருக்கலாம். எக்ஸ்ரே ஒரு நிழல். முப்பரிமாணப் பல்லைத் தட்டையாகக் காட்டும். எடுத்த கோணம் சற்று மாறினால் அந்தப் பட்டை தோன்றும், மறையும்.

கூழின் நிலையை ஊகிப்பது எப்படி?

பல் மருத்துவர் வலியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. அந்தப் பதில்களே பாதிப் பரிசோதனை.

1. குளிர்ச்சி பட்டால் மட்டும் சுரீர், எடுத்தவுடன் ஓரிரு நொடியில் அடங்கிவிடுகிறது. கூழ் எரிச்சலில் இருக்கிறது, மீளக்கூடியது. பாடநூல்கள் இதை மீளும் கூழழற்சி என்கின்றன.

2. தூண்டுதல் போன பிறகும் வலி நிமிடக் கணக்கில் நிற்கிறது, ஒன்றும் படாமலே தானாகத் தொடங்குகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. சூடு வலியைக் கூட்டும். சிலர் ஐஸ் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு வருவார்கள், குளிர்ச்சி பட்டால்தான் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். இது மீளாத கூழழற்சி என்று அழைக்கப்படுகிறது.

3. கடித்தால் வலிக்கிறது, பல் உயர்ந்து நிற்பதுபோல் இருக்கிறது. அழற்சி வேர் நுனியைத் தாண்டித் தாடை எலும்பு வரை போய்விட்டது.

4. பல நாள் துடித்த வலி ஒரு நாள் சட்டென்று நின்றுவிட்டது. "தானா சரியாப்போச்சு" என்று பலர் நினைத்துவிடுவது இங்கேதான். பெரும்பாலும் நடந்திருப்பது, கூழ் செத்துவிட்டது. வலியை உணர நரம்பு மிச்சமில்லை. கிருமிகள் அமைதியாக வேர் வழியே இறங்கிக்கொண்டிருக்கும். சில மாதங்கள் கழித்து ஈறில் சிறு கொப்புளமாகச் சீழ் எட்டிப்பார்க்கும்.

இந்த நான்கும் இப்படித் தெளிவாகப் பிரிந்து வருவது கிடையாது. எந்தப் பல் என்றே சொல்ல முடியாமல், மேல்பல் வலியைக் கீழ்பல்லில் உணர்கிறவர்களும் உண்டு. அதனால் கேள்விகளோடு பரிசோதனையும் தேவை. குளிரூட்டிய பஞ்சையோ ஐஸ் குச்சியையோ பல்லில் வைத்து, வலி வருகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து நல்ல பல்லிலும் வைப்பார்கள். வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் பல்லை மெல்லத் தட்டுவார்கள். ஈறைத் தடவி வீக்கம் தேடுவார்கள். வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு நிழல் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள்.

குளிர்ச்சிப் பரிசோதனைக்கு ஒரு குறை உண்டு. அது நரம்பின் பதிலைத்தான் சொல்லும். கூழுக்கு உயிர் தரும் இரத்த ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டு மூன்று வேர் கொண்ட கடைவாய்ப்பல்லில் ஒரு வேரின் கூழ் செத்திருக்க, இன்னொன்று உயிரோடு பதில் தரலாம். அப்படியானால் இந்த ஊகத்தை எவ்வளவு நம்பலாம்? ரிகுச்சி என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு பதில் தருகிறது. பிடுங்கிய பற்களின் கூழை நுண்ணோக்கியில் பார்த்து, முன்பு மருத்துவர் சொன்ன கணிப்போடு ஒப்பிட்டார்கள். கூழ் நன்றாக இருக்கிறது அல்லது மீளும் என்று சொன்னவற்றில் 96.6 சதவீதம் பொருந்தியது. மீளாது என்று சொன்னவற்றில் 84.4 சதவீதம். அதாவது, "மீளாது" என்று முத்திரை குத்திய பற்களில் ஆறில் ஒன்று, உண்மையில் அந்த அளவுக்குக் கெட்டிருக்கவில்லை. கடந்த பத்தாண்டுகளில் சிகிச்சை முறைகள் மாறியதற்கு இந்த ஆறில் ஒன்றும் ஒரு காரணம்.

சொத்தையை உள்ளே விட்டு அடைப்பது சரிதானா?

நோயாளிகளுக்கு அதிகம் உறுத்துவது இதுதான். இதில் அடிப்படையே மாறியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, சொத்தையைத் துளி விடாமல் சுரண்டி, கட்டையில் தட்டுவதுபோல் டென்டின் "டக் டக்" என்று ஒலிக்கும்வரை எடுக்க வேண்டும் என்றே கற்பித்தார்கள். ஆழமான சொத்தையில் அப்படி எடுத்தால், பல நேரம் கருவி கூழுக்குள் போய்விடும். காப்பாற்றப் போன கூழைத் திறந்துவிட்டதாகும்.

1970-களில் ஜப்பானின் ஃபுசயாமா, சொத்தையான டென்டின் ஒரே சீரானதல்ல என்று காட்டினார். வெளி அடுக்கில் கிருமிகள் நிறைந்து, டென்டினைத் தாங்கும் புரத இழைகளும் சிதைந்து, ஈரமாகக் குழைந்து இருக்கும், அது திரும்பாது. உள் அடுக்கில் தாது குறைந்திருந்தாலும் இழைச் சட்டகம் அழியாமல் இருக்கும். அமிலம் நின்றால் அந்தச் சட்டகத்தின் மேல் தாது மறுபடி படியும்.

பூசி அடைத்த சொத்தைக்கு என்ன ஆகிறது என்றும் தொடர்ந்து பார்த்தார்கள். காற்றுப்புகாத மூடியின் கீழ் மாட்டிக்கொண்ட கிருமிகளுக்கு வெளியிலிருந்து சர்க்கரை வராது. எண்ணிக்கை சரியும். சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், ஈரமாக வெளிர்மஞ்சளாக இருந்த டென்டின் உலர்ந்து, கறுத்து, கெட்டிப்பட்டிருக்கும். அதற்குள் கூழும் தன் பக்கத்திலிருந்து சுவர் கட்டியிருக்கும்.

இதிலிருந்து இரண்டு முறைகள் பிறந்தன.

ஒன்று, இரண்டு கட்டமாக எடுப்பது. முதல் தடவை ஓரங்களைச் சுத்தமாக்கி, கூழுக்கு மேலே மென்மையானதை விட்டு, தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். சில மாதம் கழித்துத் திறந்து, கெட்டியானதற்கு மேலுள்ள மிச்சத்தை எடுத்து நிரந்தரமாக அடைப்பார்கள். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஓராண்டில், இந்த முறையில் 74 சதவீதப் பற்களில் கூழ் திறக்காமலும் வேர் நுனி கெடாமலும் இருந்தது. ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுத்த பற்களில் 62 சதவீதம். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இது முறையே 60 சதவீதமும் 46 சதவீதமும்.

மற்றொன்று, ஒரே தடவையில், தேர்ந்தெடுத்து எடுப்பது. கூழுக்கு மேல் விட்டதை விட்டபடியே நிரந்தரமாக அடைத்துவிடுவது, மறுபடி திறப்பதே இல்லை. பிரேசிலில் மால்ட்ஸ் குழு நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. ஐந்து ஆண்டில், ஒரே தடவையில் முடித்த பற்களில் 80 சதவீதம் கூழ் உயிரோடு இருந்தது. இரண்டு கட்டமாக எடுத்தவற்றில் 56 சதவீதம்தான். இந்தப் பெரிய வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம், பலர் இரண்டாவது தடவைக்குத் திரும்பி வரவே இல்லை. தற்காலிக அடைப்பு தேய்ந்து, உடைந்து, கிருமிக்கு மறுபடி வழி கிடைத்தது. வேலைக்கு லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வருகிற ஒருவரிடம் "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லும்போது மருத்துவர் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

விட்டுவைப்பது என்றால் கண்டபடி விடுவதல்ல. குழியின் ஓரம் முழுக்கக் கெட்டியான, சுத்தமான டென்டினும் எனாமலும் இருந்தே ஆக வேண்டும். அடைப்பு இறுக ஒட்டுவது அங்கேதான். கூழுக்கு நேர் மேலே உள்ள சிறு பகுதியில் மட்டுமே சலுகை. ஓரத்தில் சொத்தையை விட்டு அடைத்தால் அது உண்மையிலேயே அரைகுறை வேலை. கூழ் உயிரோடு, மீளும் நிலையில் இருந்தால் மட்டுமே இந்த முறை பொருந்தும் என்பதையும் மறக்கக் கூடாது. செத்த கூழுக்கு மேல் எவ்வளவு நேர்த்தியாக அடைத்தாலும் பயனில்லை.

கூழ் திறந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பற்களில் கூழ் திறந்துவிடும். அடியில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து இரத்தம். பலருக்கு இந்தக் கட்டத்தில் நேராக ரூட் கெனால் என்றே பதில் கிடைத்துவந்தது.

திறந்த கூழை மூடிக் காப்பாற்றும் முயற்சி பழையது. பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் பல் மருத்துவராக இருந்த பிலிப் ஃபாஃப், 1756-இலேயே தங்கத் தகட்டைக் கொண்டு மூடுவதைப் பற்றி எழுதினார். 1920-இல் ஜெர்மனியின் ஹெர்மன் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொண்டுவந்தார். அது பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஏன் சில பற்கள் பிழைக்கின்றன, சில சாகின்றன என்பதை 1965-இல் அமெரிக்காவின் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவரும் எலிகளை வைத்துக் காட்டினார்கள். எலிகளின் கூழைத் திறந்து, உணவு பட அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் செத்து, சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளிலோ, அதே காயத்தின் மேல் கூழ் தானாகப் பாலம் கட்டி மூடிக்கொண்டது. காயம் கூழைக் கொல்லவில்லை, கிருமிதான் கொன்றது. இன்றைய சிகிச்சை முழுதும் அந்தப் பரிசோதனையின் மேல் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

1993-இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாத் குழு எம்.டி.ஏ. என்ற பொருளை அறிமுகப்படுத்தியது. கட்டடம் கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் நெருங்கிய உறவு அது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு சேர்த்திருக்கிறார்கள். பல்லுக்குச் "சிமெண்ட் அடைக்கிறது" என்று நம்மூரில் சொல்வது இங்கே ஏறக்குறைய நேர்ப்பொருளிலேயே உண்மையாகிறது. ஈரத்திலும் இறுகும், கூழோடு பகையில்லாமல் இருக்கும், கசியாது. ஆனால் இறுக மணிக்கணக்கில் ஆகும், பல்லைக் கறுக்கவும் வைக்கும். அதனால் முன்பற்களில் தயக்கம். பின்னால் வந்த பயோடென்டின் என்ற இதே வகைப் பொருள் சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடும். அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், இரண்டு ஆண்டுகளில் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தவற்றில் 31.5 சதவீதமும் எம்.டி.ஏ. வைத்தவற்றில் 19.7 சதவீதமும் தோற்றன.

கூழ் திறந்த பல்லில் மருத்துவருக்கு முன் இருக்கும் வழிகள் படிப்படியாக ஆழமாகின்றன:

1. திறந்த புள்ளியின் மேல் நேராக எம்.டி.ஏ. போன்ற பொருளை வைத்து மூடுவது.

2. மேலே உள்ள 2, 3 மில்லிமீட்டர் கூழை மட்டும் நறுக்கி எடுத்து, கீழே இருக்கும் ஆரோக்கியமான கூழின் மேல் மூடுவது.

3. பல்லின் தலைப்பகுதியில் இருக்கும் கூழ் முழுவதையும் எடுத்து, வேர்களுக்குள் இருப்பதை மட்டும் உயிரோடு விடுவது. இதற்கு முழு பல்ப்பாட்டமி என்று பெயர்.

எந்தப் படியில் நிற்பது என்பதை இரத்தம் சொல்லும். சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியில் நனைத்த பஞ்சை வைத்துச் சில நிமிடம் மெல்ல அழுத்துவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் கசிவு நின்றால் அங்கே மூடலாம். நிற்கவில்லை என்றால் அந்த இடத்துத் திசு இன்னும் கடும் அழற்சியில் இருக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் ஆழமாக நறுக்கிப் பார்ப்பார்கள். வேர் வாயில்கூட நிற்காவிட்டால் ரூட் கெனால்தான். அதனால்தான் சில மருத்துவர்கள் ஊசி போடும் முன், "திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்கிறார்கள். அது மழுப்பல் இல்லை. உட்காரும் முன்பே சிகிச்சையின் பெயரையும் தொகையையும் நிச்சயமாகச் சொல்லிவிடுகிறவரைவிட, இரண்டு சாத்தியங்களையும் இரண்டு தொகைகளையும் சொல்கிறவர் பல்லை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மீளாத கூழழற்சி என்று கருதப்பட்ட பற்களிலும் இப்போது பல்ப்பாட்டமி செய்கிறார்கள். ஈரானில் அஸ்கரி குழு நடத்திய பெரிய ஆய்வில், அத்தகைய கடைவாய்ப்பற்களில் ஐந்து ஆண்டு கழித்து பல்ப்பாட்டமி 78 சதவீதமும் ரூட் கெனால் 75 சதவீதமும் வெற்றி பெற்றிருந்தன. "மீளாது" என்ற சொல்லே பொருத்தமில்லை, தொடக்கநிலை, லேசான, நடுத்தரமான, கடுமையான கூழழற்சி என்று பிரிக்க வேண்டும் என்றும் 2017-இல் ஒரு குழு முன்மொழிந்தது.

இந்த எண்களைப் பார்த்து எல்லாக் கிளினிக்கிலும் இதை எதிர்பார்க்கக் கூடாது. பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய திரை கட்டி, எச்சில் ஒரு துளிகூட உள்ளே வராமல் வேலை செய்தால்தான் இந்த முடிவுகள் கிடைக்கும். எச்சில் நனைத்த கூழை உலகின் எந்த மருந்து வைத்து மூடினாலும் அது சாதாரண எலியின் கூழ்தான்.

ரூட் கெனால் எப்போது, பிடுங்குவது எப்போது?

கூழ் செத்துவிட்டது, வேர் நுனியில் எலும்பு அரித்திருக்கிறது, சீழ் வடிகிறது, அல்லது வேர் வாயிலும் இரத்தம் நிற்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தால் ரூட் கெனால் தேவை. உள்ளிருக்கும் கூழ் முழுவதையும் எடுத்து, வேர்க் குழாய்களைக் கழுவிச் சுத்தப்படுத்தி, இரப்பர் போன்ற பொருளால் நிரப்புவார்கள். கூழ் உயிரோடு இருக்கும்போதே செய்தால் பத்தில் ஒன்பது பற்கள் வரை நன்றாக இருக்கும். வேர் நுனியில் புண் வந்தபின் செய்தால் அது சற்றுக் குறையும். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் நான்காவதாக ஒரு குறுகிய குழாய் ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டதால் தோற்கும் ரூட் கெனால்கள் ஏராளம்.

கேப் போடச் சொல்வது கூடுதல் பணத்துக்காக என்று நினைத்துப் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கடைவாய்ப்பல்லைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பில் முடியும். சொத்தைக்கும் சிகிச்சைக்கும் நிறைய பல் போயிருக்கும். மிஞ்சிய சுவர்கள் கடிக்கும் வேகத்தில் பிளக்கும். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரூட் கெனால் செய்து கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன.

கேப் பிடித்து நிற்கவும் அடித்தளம் வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் மிச்சமிருக்க வேண்டும். சொத்தை எலும்பு மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, வேர் வரை விரிசல், ஈறுநோயால் பல் ஆடுகிறது என்றால், கூழைக் காப்பாற்றும் பேச்சுக்கே இடமில்லை. பிடுங்குவதே நேர்மையான பதில். எதிரே கடிக்க ஜோடி இல்லாத ஞானப்பல்லுக்கும் பெரும்பாலும் அதே.

பிடுங்கினால் கண்பார்வை போகும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பல்லுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாவது மண்டை நரம்பு, பார்வைக்கு உரியது இரண்டாவது. பல்லைப் பிடுங்குவதால் பார்வை நரம்பு பாதிக்கப்படுவதில்லை. உண்மையான இழப்பு வேறு: பக்கத்துப் பல் வெற்றிடத்தை நோக்கிச் சாயும், எதிர்ப்பல் நீண்டு இறங்கும், மெல்லும் பக்கம் மாறும்.

நோயாளியின் உடல்நிலையும் முடிவை மாற்றும். வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும், எலும்பைப் பலப்படுத்தும் பிஸ்பாஸ்பனேட் ஊசி போடுகிறவர்களுக்கும் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. அவர்களுக்கு, கேப் போடவே வழியில்லாத வேரைக்கூட ரூட் கெனால் செய்து உள்ளேயே விட்டுவைப்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிட்டு வரக் கூடாது. செயற்கை இதய வால்வு இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக்

பல்வலி என்றதும் அமாக்ஸிசிலின் வாங்கிப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கூழ் அழற்சியின் வலி உள்ளே அடைபட்ட அழுத்தத்தால் வருவது. அதை ஆன்டிபயாடிக் குறைக்காது. கூழ் செத்த பிறகோ அங்கே இரத்த ஓட்டமே இல்லை, மருந்து போய்ச் சேர வழியும் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடல் முழுதும் பரவிய அறிகுறி இல்லாத பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்குச் சிகிச்சை செய்யுங்கள் என்றே சொல்கிறது. கிராம்புத் தைலம் சற்று மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிவைத்தால் ஈறு வெந்துபோகும்.

முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அது வேறு கதை. தாடைக்கு அடியில் பரவும் சீழ் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பதில்கள் மாறுவது ஏன்?

நிபுணர் அமைப்புகளுக்குள்ளேயே முழு ஒற்றுமை இல்லை. ஐரோப்பியச் சங்கம் கூழைத் திறக்காமல் சொத்தையைத் தேர்ந்தெடுத்து எடுக்கச் சொல்கிறது. அமெரிக்க எண்டோடான்டிஸ்ட்கள் சங்கம் 2021-இல், நுண்ணோக்கியின் கீழ் சொத்தையை முழுதும் எடுத்துக் கூழை நேரில் பார்த்து முடிவெடுப்பதன் பக்கம் சாய்ந்தது. பல நாட்டுப் பல் மருத்துவர்களிடம் கேட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ பாதிப் பேர், கூழ் திறக்கும் ஆபத்து இருந்தாலும் எல்லாச் சொத்தையையும் எடுத்துவிடுவோம் என்றே சொன்னார்கள். எந்த ஆண்டு எந்தப் பாடத்தைப் படித்தார் என்பதும் சிகிச்சையில் தெரியும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்து ஓர் அடைப்பைவிடப் பல மடங்கு. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்து தவிர்த்துப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. முழுச் செலவும் நோயாளியின் கையிலிருந்து. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செலவு குறையும், பல தடவை போய்வர வேண்டியிருக்கும். எதிர்ப்பக்கத்து அபாயமும் உண்டு: செத்த கூழை மலிவாக அடைத்துவிட்டு, ஆறு மாதத்தில் வீங்கிய முகத்தோடு திரும்பி வருவது. எது எந்தப் பக்கம் என்று தெரிய, நாற்காலியில் இருக்கும்போதே மூன்று கேள்விகள் போதும். "கூழ் உயிரோட இருக்கா, எந்தப் பரிசோதனையில தெரிஞ்சது?" "எக்ஸ்ரேல சொத்தைக்கும் கூழுக்கும் நடுவுல ஏதாவது மிச்சம் இருக்கா?" "அடைச்சது தோத்தா அடுத்து என்ன செய்வீங்க?" குளிர்ச்சிப் பரிசோதனையே செய்யாமல் எக்ஸ்ரேயை மட்டும் காட்டி ரூட் கெனால் என்று சொன்னால், இன்னொரு கருத்து கேட்பதில் தவறே இல்லை.

கூழைக் காப்பாற்றிய பிறகு

ஆழமாக அடைத்த பல் முதல் ஒன்றிரண்டு வாரம் குளிருக்குச் சற்றுக் கூசும். நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தால் பயமில்லை. குறைவதற்குப் பதில் கூடினால், தானாக வலிக்கத் தொடங்கினால், இரவில் எழுப்பினால், உடனே திரும்பிப் போக வேண்டும். அந்த நிலையிலும் பல் கைவிட்டுப் போய்விடவில்லை, பல்ப்பாட்டமியோ ரூட் கெனாலோ செய்ய முடியும். வலியே இல்லாமல் கூழ் சாவதும் உண்டு என்பதால், ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் ஒரு தடவை குளிர்ச்சிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்ப்பது வழக்கம். சிகிச்சையன்று எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருந்து அப்போது கொண்டுபோக வேண்டும். வேர் நுனியில் புதிதாக ஒரு நிழல் வந்திருக்கிறதா என்பது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.